பண்ணையார் வேஷத்துக்கு ஒரு துண்டு

போன வாரம் மகனுடைய பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒரு கட்டளை வந்தது. ஆண்டு விழா நாடகத்துக்கு அவனை ‘ஏழை விவசாயி’யாக உடுத்தி அனுப்ப வேண்டுமாம். அவனுடைய பெரியப்பா விவசாயிதான்; பேன்ட் போட்டுக்கொண்டு பைக்கில் மண்டிக்குப் போகிறார். இதையெல்லாம் டீச்சரிடம் சொல்ல முடியுமா? தர்மபுரியில் ஒரு வாடகை டிரஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா தலை நிமிராமலே கேட்டார்.

“விவசாயியா, பிச்சைக்காரனாங்க?”

“விவசாயிங்க.”

“எதுவா இருந்தாலும் ஒரே செட்டுதான். கையில மம்பட்டி குடுத்தா விவசாயி. தட்டு குடுத்தா பிச்சைக்காரன்.”

சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பாச்சை உருண்டை, மட்டமான பவுடர், யார் யாருடைய வியர்வையோ, எல்லாம் கலந்த ஒரு வாசனை. அதை மோந்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. டாக்டரிடம் போனால் அல்சர் என்பார். அல்சர் இல்லை சார், நாடகம்.

அப்போது நான் மாரண்டஹள்ளியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். படியேறுகிறவரின் பாதத்தைப் பார்த்தே எந்த அலமாரியைத் திறக்கலாம் என்று தெரிந்துகொள்வேன். வெடித்த குதிகால் என்றால் கீழ்த்தட்டு. இந்தக் கேவலமான திறமைக்காகத்தான் ஊர்ப் பையன்கள் பொங்கலுக்குப் போட்ட நாடகத்தில் என்னை ‘உடை அலங்காரம்’ ஆக்கினார்கள். நோட்டீஸில் பெயர் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கூலிக்காரன் ஒருவன் கொடுமைக்காரப் பண்ணையாரை எதிர்த்து ஜெயிக்கிறான். எங்கள் பக்கம் யாரையும் பண்ணையார் என்று கூப்பிடுவதில்லை. அந்த வார்த்தை நாடகத்தோடு ஊருக்குள் வரும், நாடகத்தோடு போய்விடும். மேடைக்கும் மைக்செட்டுக்கும் எந்த வீட்டில் அதிகம் தருகிறார்களோ அந்த வீட்டுப் பையன்தான் கதாநாயகன் என்பது ஊர் வழக்கம். அப்படித்தான் ஊரிலேயே பெரிய தோட்டக்காரரின் மகன் மாதேஷ், ஏழைக் கூலி ஆனான். பண்ணையார் வேஷத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று பயம். கடைசியில் மாட்டியவன் முனுசாமி. மாதேஷ் அப்பாவின் தக்காளித் தோட்டத்தில் வேலை. சோளக்காட்டில் கிளி விரட்டிப் பழகிய குரல், மைக்கே வேண்டாம்.

ஆக, முதலாளி மகன் கூலி, கூலிக்காரன் முதலாளி. ஒத்திகையில் எல்லோரும் லுங்கியில் இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உடுப்பை மாட்டிய பிறகுதான் வில்லங்கம் புரிந்தது.

மாதேஷுக்குக் கிழிந்த சட்டை, தோளில் அழுக்குத் துண்டு, வெறுங்கால். வாட்ச்சை மட்டும் கழற்ற மாட்டேன் என்றான். “ஏழைன்னா வாட்ச் கட்டக்கூடாதா?”

“கட்டலாம் மாதேசு. ஜனம் மேடைக்கே வந்து டைம் கேக்கும், சொல்லிக்கிட்டே நடி.”

வெறுங்காலில் அவன் நடந்ததைப் பார்த்தால் கூலிக்காரனுக்கு மூலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முனுசாமியின் கதை இன்னும் மோசம். எங்கள் ஜவுளிக்கடை முதலாளி வெளியூர் போயிருந்த தைரியத்தில், கடைக் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் பொம்மையின் பட்டுக்கரை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் உருவிக்கொண்டு வந்திருந்தேன். பொம்மை அம்மணமாக நின்றது. காலையில் முதலாளி வருவதற்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும். அவ்வளவு துணிந்து கொண்டுவந்த சட்டைக்குள் முனுசாமி, கூலி கேட்டு வந்தவன் மாதிரியே கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றான். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புதுச்சட்டையின் காலருக்குள் விறைப்புக்கு ஓர் அட்டை வைத்திருப்பார்கள் இல்லையா, அதை எடுக்காமல் அப்படியே விட்டேன். காலுக்குச் சிறிய செருப்பாகப் பார்த்து மாட்டினேன். பணக்காரன் வேகமாக நடக்க மாட்டானே.

“ணா, குனிய முடியலீங்களே.”

“அதுக்குத்தாண்டா வெச்சிருக்கு.”

“எச்சி முழுங்கக்கூட முடியலீங்ணா.”

“பண்ணையாருங்க முழுங்க மாட்டாங்க, துப்புவாங்க. நீ போடா.”

கடைசியாக முனுசாமியின் தோளில் பட்டுத் துண்டு. பெரிய மனிதர் எதிரே வந்தால் வேலைக்காரன் தோளிலிருந்து துண்டு இறங்கி அக்குளுக்குப் போய்விடும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் இறங்கும். மேடையில் பண்ணையார் வந்ததும் கூலிக்காரன் துண்டை இறக்க வேண்டும். யார் பெரியவன் என்று குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். ஒத்திகையில் மாதேஷும் தலையாட்டியிருந்தான்.

பொழுது சாயும்போதே திரை தூக்கினோம். முன்வரிசையில் மாதேஷின் அப்பா. முனுசாமி மேடைக்கு வந்தான். செருப்பு கடித்ததில் மெல்ல, அட்டை குத்தியதில் நிமிர்ந்து, அப்படி ஒரு மிடுக்கு! வாயைத் திறப்பதற்கு முன்பே, “பாரு, மூஞ்சப் பாரு, நாசமாப் போறவன்” என்று பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஆகாயத்தில் மிதந்தேன். மாதேஷ் எதிரே வந்தான். துண்டை இறக்க வேண்டிய இடம். அவன் கை எழவில்லை. கண் அப்பாவிடம் போய்விட்டது.

முனுசாமியின் கை எழுந்தது. கழுத்து இம்மியும் வளையவில்லை, அட்டை தன் வேலையைச் செய்தது. கை மட்டும் தானாகப் போய்ப் பட்டுத் துண்டை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டது. கூலிக்கு முன்னால் பண்ணையார் துண்டை இறக்கி நின்றார்.

கூட்டம் வெடித்தது. மாதேஷின் அப்பா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முனுசாமி என்னைப் பார்த்தான். நானோ படுதாவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, தீர்த்தமலை சாமிக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தலையில் முடி இருந்தது.

திரையை இழுத்துவிட்டோம். “என்னடா பண்ண?” என்று கத்தினேன்.

“தெரியலீங்ணா. சின்னவரு வந்தாரு, கை தானாப் போயிருச்சு.”

அவசர அவசரமாக அந்தத் துண்டைப் பொம்மையின் சட்டைத் தோளோடு கறுப்பு நூலால் தைத்தேன். ஊசி அவன் தோளிலும் இறங்கியது. மாதேஷ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தானாகவே வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டான்.

மறுபடியும் திரை, மறுபடியும் அதே காட்சி. முனுசாமியின் கை மறுபடியும் எழுந்தது. இழுத்தான், துண்டு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். சட்டையே மேலேறி இடுப்பு தெரிந்தது. முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“விடுடா முனுசாமி! இன்னிக்கி ஒரு நாளு தோள்லயே கெடக்கட்டும்!”

என்ன பெருந்தன்மை! ஊரே சிரித்தது. முனுசாமி மட்டும் துண்டைப் பிடித்த கையை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றான். பவுடருக்கு அடியில் அவன் முகம் போன போக்கை நான் இத்தனை வருஷத்தில் யாரிடமும் வர்ணித்ததில்லை, இப்போதும் வரவில்லை.

அப்போதுதான் மாதேஷ் தன் துண்டை எடுத்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தான். ஒத்திகை முழுக்கக் கத்திக் கத்திச் சொன்ன வசனம், இப்போது தொண்டையிலிருந்தே எழும்பாமல் வந்தது. “சாமி, கூலி கேட்டு வந்தனுங்க.”

சிரிப்பு நின்றது. முனுசாமியின் கை கீழே இறங்கியது. கிளி விரட்டும் குரலில் அவன் சொன்னான்: “குடுக்கறப்ப வாங்கிக்கடா. போ!” அந்த வசனத்தை எங்கள் நாடக வாத்தியார் எழுதவில்லை. அது யாருடைய வசனம் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் எட்டிப் பார்த்தபோது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி.

மறுநாள் விடிந்ததும் கடையில் அம்மணப் பொம்மைக்குப் பக்கத்தில், எப்போது வேலை போகும் என்று காத்திருந்தேன். முனுசாமி வந்தான். தைத்த துண்டோடு சட்டையும், வேட்டியும் பேப்பரில் சுற்றியிருந்தன. அவன் பேசிக்கொண்டிருந்தான், நான் பல்லால் கறுப்பு நூலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“தோட்டத்துக்குப் போனங்ணா. துண்டு போடாமப் போனன்.”

“ஏண்டா?”

“போட்டா எறக்கணுமே.”

நூல் என் பல்லிலேயே நின்றது.

“ஐயா பாத்தாரு. துண்டு எங்கடான்னாரு. வூட்ல கெடக்குதுங்கன்னன். போயி எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வா, அப்பத்தான் வேலைன்னாரு.”

“போட்டுக்கிட்டுப் போயேண்டா! ஒரு முழத் துணிக்காகப் பொழப்பக் கெடுத்துக்குவியா?” இதைச் சொன்னது நான்தான். அவ்வளவு பயம் எனக்கு. அவனுக்காகவா, பொம்மைக்காகவா என்று கேட்காதீர்கள்.

அவன் தெருவைப் பார்த்தபடி கேட்டான்: “ஓசூரு பஸ்சு எப்பங்ணா?”

அதற்கப்புறம் எங்கள் ஊரில் நாடகம் போடவில்லை. டிவி வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள்; டிவி அதற்கு முன்பே வந்திருந்தது. மாதேஷின் அப்பா காலமாகிவிட்டார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இப்போது உரக் கம்பெனி கொடுத்த தொப்பி போடுகிறார்கள், மாதேஷும் அதையேதான் போடுகிறான். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று எனக்கே தெரிவதில்லை.

முனுசாமியின் பழைய துண்டு அவன் வீட்டுக் கொடியில் வெகுநாள் தொங்கியது. ஓசூர் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு நாள் அவனுடைய அம்மா அதை இறக்கி, பாத்திரங்களை அதில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினாள். வீடு அடுத்த மழையில் விழுந்தது. கொடி கட்டியிருந்த வேப்பமரத்தையும் ரோடு போடும்போது வெட்டிவிட்டார்கள்.