தட்டாத கதவு

அச்சகத்தில் தாள் அடுக்கும் அவளுக்குப் பேச்சு திக்கும். அதிலும் 'அம்மா' என்றால் நாக்கு ஒரேயடியாகச் சண்டித்தனம் பண்ணும். அதனால் வாசல் கதவைத் தட்டித்தான் அம்மாவைக் கூப்பிடுவாள். பாட்டு எழுதுவதோடு சரி, பாடியதில்லை.

அவள் பாட்டுகளுக்கு மெட்டுப் போடும் கீபோர்டு அக்கா ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள். "பதினோரு பாட்டு எழுதியிருக்க. ஒண்ணுல கூட அம்மாவே வரலையே, ஏன்?"

"சொ... சொல்ல வராதுக்கா."

"சரி, பாடினா வருமா?"

இத்தனை வருஷத்தில் இது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை. அக்கா ஒரு சுரத்தை அழுத்தினாள். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது.

மாலையில் கதவைத் தட்டாமல், அதே சுரத்தில் "அம்மா" என்று பாடினாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருங்க, என்ன வேணும்?" என்றாள் அம்மா.