குய்லான் வளர்த்த செல்கள்

சீனாவின் சாங்சுன் நகரத்தில் டிராம் ஓட்டும் தெங்கின் மனைவி குய்லான், ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பி கழுவும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பதினாறு வருஷத்தில் செல் வளர்க்கும் அறை முழுக்க அவள் பொறுப்பாகிவிட்டது. புற்றுநோய்ச் செல்களுக்கு வேளை தவறாமல் ஊட்டநீர் மாற்றுவாள். வசந்த விழா விடுமுறையில்கூடக் கொழுக்கட்டை மாவைப் பிசைந்து மூடிவிட்டு, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

“எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு உண்டோ இல்லையோ, அந்தக் கிண்ணத்துல இருக்கறதுங்களுக்கு உண்டு” என்பான் தெங்.

அங்கே பேராசிரியர் லுவான் ஒளிரும் நுண்துகள்களைச் செய்துகொண்டிருந்தார். நீல விளக்கை அடித்தால் அவை பச்சையாக ஒளிரும். செல்லைக் கொல்லாமல் அதன் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பாடுபட்டார். மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, நுண்ணோக்கியில் செல்கள் பச்சைப்பசேலென்று ஜொலித்தன. அவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். குய்லானும் குனிந்து பார்த்தாள். நடுக்கரு வரைக்கும் ஒரே வெளிச்சம். ஆனால் ஓரமெல்லாம் சுருங்கிக் கிடந்தது.

“லுவான் சார், இதெல்லாம் செத்துட்டிருக்கு. சாகற செல்லுக்குள்ள எது வேணும்னாலும் புகுந்துடும்.”

அவர் முகம் வாடிவிட்டது. அப்படியெல்லாம் இருக்காது என்றார். குய்லான் வாதாடாமல் அதே கிண்ணத்தை வளர்ப்புப் பெட்டியில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் செல்கள் அடியை விட்டுக் கழன்று மிதந்தன. லுவான் கிண்ணத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குய்லான் அக்கா, நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்றார் கடைசியில்.

துகள்களைச் செய்யும்போது சேர்த்த அமிலம் அவற்றில் மிச்சமிருக்கலாம், ஒருநாள் கழுவினால் போதாது என்றாள். அமிலத்தை மட்டும் கசியவிடும் சவ்வுப் பையில் துகள்களைக் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி, மூன்று நாள் அவளே ஊறவைத்தாள். செல்லில் ஊற்றும் அளவையும் கால்பங்காக்கினாள்.

இம்முறை வெளிச்சம் மங்கல்தான். கருவைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ஆனால் செல்கள் கால் பரப்பிச் சௌகரியமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மத்தியானம் அவற்றில் ஒன்று உருண்டு திரண்டது, இடுப்பு சிறுத்தது, இரண்டாகப் பிரிந்தது. பச்சைப் பொட்டுகளை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டன. லுவானும் அவளும் மாறி மாறிப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

கட்டுரையில் அவள் பெயரையும் போடப்போவதாக லுவான் சொன்னார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தெங்கின் டிராமிலேயே ஏறி, அவன் முதுகுப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. தண்டவாளத்தில் ஆள் யாருமில்லை. மணியை மட்டும் இரண்டு தரம் அடித்தான்.