மூன்று கணினியிலும் ஒரே பிழை

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். ஒரு கொம்பனிப் பம்பின் வாஷர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அதனால்தான் பைத்தன் என்ற கணினி மொழியை மதிக்கிறேன். அதைக் கணினியில் ஏற்றப் போன அன்று வாயில் வந்தபடி ஏசினேன் என்பதும் உண்மை.

என் மனைவி நீர்வேலியில் கணித ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையை, பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்குவதற்காகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதிபர் ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாக் கணினியும் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அறை நடன வகுப்புக்கு. அந்தச் சனிக்கிழமை காலையிலேயே நடன ஆசிரியை வந்து, திரைச்சீலைக்கு யன்னலை அளந்துவிட்டுப் போனார்.

கணினிகள் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கழித்து அனுப்பியவை. ஒன்று பிரான்சிலிருந்து வந்த விண்டோஸ். அதன் விசைப்பலகையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருந்தது. ஒன்று கனடாவிலிருந்து வந்த மக். மற்றது லினக்ஸ் போட்ட பழசு.

விண்டோஸில் ஏற்றிவிட்டுப் பைத்தன் என்று தட்டினால், ஏதோ ஒரு மென்பொருள் கடைப்பக்கம் திறந்தது. ஏற்றும்போது அடியில் இருந்த சின்னப் பெட்டியில் சரி போட வேண்டுமாம். போட்டால்தான் பைத்தன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியுமாம். கழற்றி மறுபடி ஏற்றினேன். மக் கடவுச்சொல் கேட்டது. அனுப்பியவனுக்குக் கனடாவுக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, இஞ்ச இப்ப நடுச்சாமம்.”

“பெட்டியை அனுப்பினனி, திறப்பை ஆரடா அனுப்பிறது? சொல்லு.”

சொன்னான். ஏறியது. லினக்ஸில் ஏற்ற வேண்டியே இருக்கவில்லை. பைத்தன் ஏற்கெனவே உள்ளே இருந்தது. எனக்கு முதல் மரியாதை வந்தது அப்போதுதான்.

மனைவி வீட்டில் எழுதிய நிரலைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் திரையில் காட்டுகிற நிரல். விண்டோஸில் ஓட்டினோம். பிழை. மக்கிலும் பிழை. லினக்ஸிலும்.

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “உதுகளைக் கிணத்துக்கை போடும். நடன வகுப்புப் பிள்ளையள் ஆடட்டும்.”

“இஞ்சருங்கோ, கொஞ்சம் கத்தாமல் இருங்கோ.”

அவள் ஒவ்வொரு திரையாகக் குனிந்து வாசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

“என்ன சிரிப்பு உமக்கு?”

“மூண்டும் ஒரே வரியிலை ஒரே பிழையைத்தான் சொல்லுது. அப்ப மூண்டிலையும் ஒழுங்காய் ஏறியிருக்கு. பிழை என்னிலை.”

முதல் வரியைக் காட்டினாள். சிவமயம் என்று இருந்தது. எங்கள் வீடுகளில் கடிதமோ கணக்கோ, மேலே அதை எழுதாமல் தொடங்குவதில்லை. தினமும் கரும்பலகையில் எழுதுகிற கை இங்கேயும் எழுதிவிட்டது. அப்படி ஒரு பெயர் தனக்குத் தெரியாது என்று பைத்தன் மூன்று இடத்திலும் ஒரே சொற்களில் சொல்லியிருந்தது.

“அதை அழியும்,” என்றேன்.

“ஏன் அழிக்கோணும்? உதுக்கும் இடமிருக்கு.”

வரிக்கு முன்னால் # குறி போட்டாள். அந்தக் குறி இருந்தால், இது மனிதர் வாசிக்கிற வரி என்று பைத்தன் பேசாமல் தாண்டிப் போகுமாம். ஓட்டினாள். பிரான்சுப் பெட்டியிலும் கனடாப் பெட்டியிலும் பழசிலும் வாய்ப்பாடு ஒரே மாதிரி வந்து நின்றது. ஒரே கோப்பு. எந்தக் கணினிக்காகவும் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. என் தொழிலில் இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. நான் கத்திய நேரத்தில் அவள் வாசித்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதிய மணி அடித்தது. அதிபர் வந்தார். பின்னால் நடன ஆசிரியை, திரைச்சீலைத் துணியோடு.

“என்ன ரீச்சர், ஓடுதோ?”

“ஓம் சேர். நீங்களே விசையை அமத்திப் பாருங்கோ.”

அவர் ஒவ்வொன்றிலும் அமத்தினார். பழசுக்கு முன்னால் நின்று வாய்ப்பாட்டை வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அறைப் பூட்டின் திறப்பை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

நடன ஆசிரியை துணியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார்.

“கணினித் திரையிலை வெயில் அடிக்குது ரீச்சர். இதை நீங்களே போடுங்கோ,” என்று துணியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதை யன்னலில் கொழுவியதும் நான்தான்.