ரயான் போட்டுக் கழற்றிய சட்டைகள்

குளோரியா டீச்சரிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டால் அப்புறம் அதில் யாரும் மூக்கை நுழைக்க முடியாது. தொம்மலூரில் அவர் குடியிருக்கும் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பிரேசர் டவுனில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை. அங்கே விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்கிற வழக்கத்தையே ஒழித்துக் கட்டியவர். கடைசியாக ஓடி வந்த பிள்ளை ஒன்று தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துவிட்டு, "மூணு வயசுல எதுக்குங்க தோல்வி? அது தானா வரும், நாம வேற பந்தல் போட்டுக் கூப்பிடணுமா?" என்று தலைமையாசிரியையிடமே சண்டைக்குப் போனார். மறு வருடம் ஓட்டப்பந்தயத்துக்குப் பதிலாக எல்லாப் பிள்ளைகளும் ஒரு பெரிய துணியில் சாயக் கால்தடம் பதித்தார்கள். பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் காதில், முதல் மாடி தாரணியின் வளைகாப்புக்கு என்னென்ன விளையாட்டு என்று சௌம்யா அடுக்கியது விழுந்தால் சும்மா இருப்பாரா? சௌம்யா, தாரணியோடு ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவள். நல்ல பெண்தான், வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது.

"ரிப்பன் வெச்சு தாரணி வயித்தை அளக்கிற கேம் இருக்கு டீச்சர். கரெக்டா கெஸ் பண்றவங்களுக்கு பிரைஸ். செம ஃபன்னா இருக்கும்!"

தாரணி சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பிடிக்கவில்லை. சௌம்யா கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா விஷயம்? சொல்லு."

தாரணி சொன்னாள். குழந்தையின் எடை கொஞ்சம் குறைவாக இருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் இதற்கு முன்னால் ஒரு பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதிலிருந்து யாராவது பயப்படாதே என்றாலே அவளுக்குக் குலை நடுங்குகிறது.

"ஃபங்ஷனே வேணாம்னுதான் இருந்தேன் டீச்சர். அத்தை ஆரணியிலேர்ந்து வராங்க, அவங்களுக்காக ஒத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பைகூட இன்னும் எடுத்து வெக்கல. கையே வர மாட்டேங்குது. எல்லாரும் என் வயித்தை அளந்தா அங்கயே அழுதுடுவேன்."

"எவளாவது ரிப்பனோட உன் கிட்ட வரட்டும், அதாலயே அவ கையக் கட்டிப் போடறேன்," என்றார் டீச்சர். "அன்னைக்கு நீ அழ மாட்ட. சிரிப்ப. அது என் பொறுப்பு."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி டீச்சரைப் பிடிக்க முடியுமா? விளையாட்டு, பரிசு எல்லாம் ரத்து என்று சௌம்யாவிடம் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பிள்ளைக்குத் தன் கையால் ஒன்று செய்துவிட்டுப் போக வேண்டும். அது என்ன என்பதைத் தாரணிக்குக்கூடச் சொல்லவில்லை. சிவாஜி நகர் போய்ப் பச்சைப் பிள்ளைகளுக்கான வெள்ளைச் சட்டைகளாக வாங்கினார். எல்லாம் முதுகில் நாடா வைத்தவை, தொட்டால் வெண்ணெய் மாதிரி மெத்தென்ற பருத்தி. துணிச் சாயம் வாங்கினார். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்து அழுத்தினால் அச்சாகப் பூ விழும். பள்ளிக்கூடத்தில் கைப்பழக்கமான வேலை, எங்கே தப்பாகப் போகிறது?

தப்பாகத்தான் போயிற்று.

அன்று காலை சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் அடுக்கி, கலந்த சாதமும் பரிமாறி முடிந்தது. டீச்சர் மேசையை மூடியிருந்த துணியை விலக்கி, "இதோ பாருங்க!" என்றார். வரிசையாகக் குட்டிக் குட்டிச் சட்டைகள். பெண்கள் எல்லோரும் "அய்யோ, எவ்ளோ அழகு!" என்று உருகினார்கள். தாரணியின் மாமியார் ரத்தினம்மாள் மட்டும் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்.

"இன்னா டீச்சரம்மா இது? பொறக்காத புள்ளைக்குப் புதுத் துணியா? எங்க பக்கத்துல இத வீட்டுக்குள்ளயே உடமாட்டோம்."

டீச்சர் வீட்டில் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில் முதல் கம்பளிக் குல்லாய் வரை வாங்கி அடுக்கிவிடுவார்கள். இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது.

தாரணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. "போன தடவை நான் வாங்கினேன்," என்றாள். "நான் வாங்கினதாலதான்னு..."

அழ மாட்டாய் என்று மார்தட்டிய டீச்சரே அழவைக்கப் பார்த்தாரே! ஆண்டவரே, இது எனக்குத் தேவையா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆளா அவர்? முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுகிற அறையில் நின்று பழகியவர்.

"தெரியாம செஞ்சுட்டேன்மா, மன்னிச்சுக்குங்க," என்று ரத்தினம்மாளின் கையைப் பிடித்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பழைய துணின்னா பரவாயில்லையா?"

"மொதல்ல பழசுதான் போடுவோம். நல்லா வளர்ற புள்ள போட்டுக் கழட்டுனது. அத முன்னாடியே வாங்கி வெப்போம், அதுல ஒண்ணும் தோஷமில்ல."

"அந்தப் புள்ள அதை எவ்ளோ நாள் போட்டிருக்கணும்?"

"அத யாரு கணக்கு வெச்சாங்க?"

"அவ்ளோதானே! ஜூலியா, ரயானைக் கொண்டா!"

ஜூலியா டீச்சரோடு அதே பள்ளியில் வேலை செய்பவள். அவள் பிள்ளை ரயான், நாலு மாதக் குண்டன். மடியில் கிடந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தவனை மேசைமேல் கிடத்தி முதல் சட்டையை மாட்டினார் டீச்சர். பிறந்த பிள்ளைக்கான சட்டை அவனுக்கு எங்கே போதும்? தொப்பை முழுக்க வெளியே தெரிந்தது. நாடா முடிச்சுக்கு எட்டவேயில்லை.

"ஆச்சா? பழசாயிடுச்சு. அடுத்தது!"

"இருங்க, இருங்க," என்று ரத்தினம்மாள் கிட்டே வந்தார். "ரெண்டு கையும் நொழையணும். கை நொழையாம எப்பிடிப் பழசாவும்?"

அவ்வளவுதான், சட்டம் இயற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சட்டைக்கும் அவர்தான் நீதிபதி. இடது கை முழுசாக வெளியே வரவில்லை என்று ஒன்றைத் திருப்பியே அனுப்பிவிட்டார். ரயானுக்கோ ஒரே குஷி, சட்டை மாற மாற காலை உதைத்துக் கெக்கலித்தான். அவன் போட்டுக் கழற்றியதைப் பெண்கள் பறித்துக்கொண்டு போய் வெண்டைக்காயும் சாயமுமாக உட்கார்ந்தார்கள். சௌம்யா மூக்கில் நீலச் சாயத்தோடு, "டீச்சர், என் பூ வாழைப்பூ மாதிரி வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

அப்போது தாரணி எழுந்து உள்ளே போனாள். டீச்சரின் கை நின்றுவிட்டது. அழத்தான் போகிறாள், போச்சு என்று நினைத்தார்.

தாரணி ஒரு மஞ்சள் சட்டையோடு திரும்பி வந்தாள். விலைச்சீட்டுகூடப் பிய்க்காத புதுச் சட்டை. புடவைகளுக்கு அடியில் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தாள்.

"டீச்சர், இதையும் அவனுக்குப் போடுங்க."

அது யாருக்காக வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரத்தினம்மாள் அதை வாங்கிக்கொண்டார். சீட்டு நூலைப் பல்லால் கடித்து எடுத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே ரயானுக்கு மாட்டினார். இரண்டு கையும் நுழைந்தன. ரயான் சுற்றி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு நிம்மதியாக, சட்டை முழுக்க நனையும்படி ஒன்றுக்குப் போனான்.

ஜூலியா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"போச்சு போ!" என்றார் ரத்தினம்மாள். "இனிமே இத எவளும் புதுசுன்னு சொல்ல முடியாது."

தாரணிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வளையல் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் கொட்டியது. அதையெல்லாம் அழுகைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று டீச்சர் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

சாயங்காலம் மொட்டைமாடிக் கொடியில் பூப்போட்ட சட்டைகளுக்கு நடுவே அந்த மஞ்சள் சட்டையையும் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் டீச்சர். தாரணி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"உன்னை யாரு படி ஏறச் சொன்னது?"

"அது காஞ்சதும் என்கிட்ட குடுங்க டீச்சர்," என்றாள். "ஆஸ்பத்திரிப் பையில மொதல்ல அதைத்தான் வெக்கணும்."