அண்ணி ஓட்டிய பம்ப்

என் அண்ணிக்கு வேலை சோடியம் காய்ச்சுவது. சொன்னால் சிரிப்பார்கள். உப்பில் இருக்கிறதே, அதே சோடியம்தான். தனியாகப் பிரித்து உருக்கினால் தண்ணீர் மாதிரி ஓடும். வரப்போகிற புது மாதிரி அணு உலைகளில் சூட்டைக் கடத்த அதைத்தான் ஓடவிடுவார்களாம். அதற்கான பம்ப் மூன்று வருடம் நிற்காமல் ஓடுமா என்று நான் வேன் ஓட்டுகிற ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கதிரியக்கம் எதுவும் கிடையாது. குழாய், பம்ப், ஹீட்டர், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, சூடு ஆறக் கூடாது. ஆறினால் சோடியம் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தச் சூட்டை அண்ணி கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். பெற்ற மகன் கல்யாணத்தன்று ஹீட்டர் ஒன்று அணைந்துவிட்டது என்று போன் வர, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு என் வேனில் ஏறினார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க அண்ணிக்கு நான் ரெண்டாவது புருஷன்டா. மூத்தவர் அந்தப் பம்ப்தான்."

மூன்று வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. அப்போது நவீன உலைகளை உருவாக்கக் கோடி கோடியாக நிதி தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அண்ணி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "இனிமே ஒரு ஹீட்டர் மாத்தறதுக்கு நாலு பேர் கால்ல விழ வேணாம் தம்பி" என்றார். பாவம், அவ்வளவு நம்பிக்கை.

மறுவாரமே நிலையத் தலைவர் அண்ணியின் கண்ட்ரோல் அறைக்கு வந்தார். அவரை அழைத்து வந்த நான் வாசலில் நின்றேன்.

"அம்மா, அதை அணைச்சுடுங்க."

"எதை சார்?"

"பம்பைத்தான். புதுத் திட்டத்துக்குத்தான் பணமாம். பணம் தர்ற குழு பார்க்க வரும்போது இது ஓடிட்டிருந்தா, ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு கேப்பாங்க."

"ரெண்டே மாசம் சார். முடிஞ்சிடும்."

"முடிஞ்சிட்டா அப்புறம் எதுக்கும்மா பணம் கேக்கறது?"

அடச்சீ! இதைச் சொல்ல அந்த ஆளுக்கு நாக்குக் கூசவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். அது கைதவறி உடைவது. இவர்கள் புதுத் தாழிக்குப் பணம் வருமே என்று கல்லைத் தூக்கிப் போட்டார்கள். அண்ணி சுவிட்சைத் தொட மாட்டேன் என்றார். தலைவரே அணைத்தார். சத்தம் அடங்கியதும் அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

குழு வந்த அன்று குழாயின் மேலுறையைப் பிரித்துப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். குழுவின் பெரியவர் அதன்மேல் கையை வைத்தார்.

"பரவாயில்லையே, சில்லுன்னு இருக்கு! ஜனங்கதான் சும்மா பயப்படறாங்க."

கைதட்டினார்கள். தூ! அதற்கும் கைதட்டல்.

அண்ணி மட்டும் சொன்னார். "சில்லுன்னு இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம் சார்."

"அம்மா எப்பவும் தமாஷா பேசுவாங்க" என்று தலைவர் பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பும்போது இருவரும் என் வேனில்தான் இருந்தார்கள். பணம் உறுதி என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஒன்று கேட்டார். "ஆமா, இந்த மாதிரி பம்ப் மூணு வருஷம் நிக்காம ஓடுமா?"

"அது யாருக்கும் தெரியாது சார்" என்றார் தலைவர். "அதைக் கண்டுபிடிக்கத்தானே பணம் கேக்கறோம்."

காறித் துப்பலாம் போல வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

வீட்டில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"நல்லா ஓடிட்டிருந்துதே தம்பி" என்றார்.