காய்ச்சல் அக்கா

இரும்புக் கம்பியைக் குப்பைக் குவியலின் வயிற்றில் செருகி, நூறுவரை எண்ணி, உருவி உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கிறார். "அடேயப்பா, நல்ல காய்ச்சல்!" முகமெல்லாம் பூரிப்பு. காய்ச்சலைக் கண்டு மகிழும் ஆளை எங்கள் குடியிருப்பு அதுவரை பார்த்ததில்லை. ஆகவே அவர் எல்லோருக்கும் காய்ச்சல் அக்கா.

இருநூறு வீட்டுச் சமையலறைக் கழிவும் சுற்றுச்சுவரை ஒட்டிய அவருடைய ஐந்து உரத் தொட்டிகளுக்குத்தான் வரும். ஒரு பிடி அள்ளிப் பிழிவார். விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் முகம் கோணும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு அவர் வைத்த பெயர் "நம்ம பசங்க."

"நம்ம பசங்களுக்குப் பல்லு கிடையாதும்மா. பொடியா நறுக்கிக் கொண்டாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அக்காவின் தொட்டியில் முடியாது.

போன மாதம் மகளின் பிரசவத்துக்காக எட்டு நாள் விடுப்பில் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு பழக்கடைக்காரர் அழுகிய பழங்களை வண்டி வண்டியாகக் கொண்டுவர, எங்கள் சங்கச் செயலாளர் தாராள மனதோடு மூன்றாம் தொட்டியில் கொட்டச் சொல்லிவிட்டார். அக்கா புதன்கிழமை திரும்பியபோது நாற்றம் மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்தது. அங்கே குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மூக்கைப் பொத்தியபடி இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் போகணும். இல்லேன்னா அஞ்சு தொட்டியையும் இடிச்சுடச் சொல்லுவேன்."

செயலாளர் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொட்டி போனால் அக்காவின் வேலையும் போகும். அக்கா மூன்றாம் தொட்டியில் கம்பியைச் செருகி எடுத்தார். சில்லென்றிருந்தது.

"பாவம், மூச்சுமுட்டிக் கிடக்குதுங்க. தண்ணியில அமுக்கி வெச்சா யாருதான் வேலை செய்வா?"

அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. தச்சுப்பட்டறையிலிருந்து மரத்தூள் வந்தது. தெருச் சருகு வந்தது. பழைய அட்டைப்பெட்டிகளைக் கிழித்தோம். எல்லாவற்றையும் கொட்டி, அடியிலிருந்து மேலாகப் புரட்டினார். நானும் ஒரு மண்வெட்டி பிடித்தேன். கால் மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஈரமாவே போட்டா எப்படி சார்? காஞ்சதும் வேணும், காத்தும் வேணும். நமக்கு மட்டும் வெறும் குழம்பு போதுமா?"

வியாழக்கிழமையும் புரட்டினார். வெள்ளியன்று கம்பி வெதுவெதுத்தது. சனிக்கிழமை, "ஆ!" என்று கையை உதறிக்கொண்டு சிரித்தார். பிள்ளை பெற்ற மகளைப் பற்றிச் சொன்னபோதுகூட அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

ஞாயிறு காலை மேலாளர் வந்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். மழை நனைத்த மண்வாசம்தான் வந்தது. சற்று ஏமாற்றம்போல் தெரிந்தது.

"எத்தனை பேரை வெச்சுச் செஞ்சீங்க?"

"கோடிக்கணக்குல சார். லீவு கேக்கறது நான் ஒருத்திதான்."

அன்று மாலை திடீரென்று வானம் இருட்டித் தூறல் விழுந்தது. அக்கா ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடினார். ஒரு மூலையில் ஒரு முழம் போதவில்லை. தன் குடையை விரித்து அந்த மூலையில் செருகிவிட்டு, கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார்.