நான் வெட்ட மறுத்த பக்கம்

ஜெர்மன் மலைப்படைத் தளபதி ஒருவரைப் பற்றி, நோர்வேயில் மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் தமிழர் கூடும் மண்டபத்தில் பேசச் சொன்னவர், அங்கே கூட்டங்களை நடத்தும் என் நெடுநாள் நண்பர். போர்க்கதை என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். கதிரைகள் நிறையும் என்று அவருக்குத் தெரியும்.

குளிர்காலம் முழுக்க வாசித்து எழுதினேன். முதல் உலகப் போரில் இளம் அதிகாரியாகத் தொடங்கியவர், ஆல்ப்ஸ் மலைகளில் படையைப் பழக்கியவர், இரண்டாம் உலகப் போரில் நோர்வேயின் வடமுனையில் உறைபனிக்குள் போர் நடத்தியவர், தோற்றுத் திரும்பும்போதும் அணி குலையாமல் கூட்டிப்போனவர். கடைசிப் பக்கத்தில், அந்தப் படை திரும்பிய வழியில் எரித்த ஊர்களைப் பற்றி எழுதியிருந்தேன். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நோர்வேப் பெண் எரிந்த அந்த ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவள். வீடு எரிந்த குளிர்காலத்தில் அவளுடைய தாய் ஒரு குகைக்குள் பிறந்தாராம். அதையும் சேர்த்திருந்தேன்.

நண்பர் வாசித்துவிட்டு முகம் சுளித்தார்.

“கடைசிப் பக்கத்தை வெட்டும். சனம் வீரத்தைக் கேக்கத்தான் வருகுது.”

“எரிச்சதும் அந்தாளின்ரை படைதானே?”

“அது மேலிடத்துக் கட்டளை. அந்தாள் என்ன செய்யிறது?”

“யாழ்ப்பாணத்திலை எங்கட வீட்டை எரிச்சவனும் அப்பிடித்தான் சொல்லியிருப்பான்.”

“வெட்டாட்டி நான் மைக்கை நிப்பாட்டுவன்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. பேச்சு நாளன்று அந்தப் பக்கத்தைத் தொடங்கியதுமே ஒலிவாங்கி செத்தது. சிலர் கதிரையை இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒருகணம் தோன்றியது. அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

“அண்ணை, இஞ்சை கேக்கேல்லை. கிட்ட வந்து வாசியுங்கோ.”

மேடையை விட்டிறங்கி, கதிரைகளின் நடுவே நின்று, தொண்டை கிழியக் கடைசி வரிவரை வாசித்தேன்.

“இனி உமக்கு இஞ்சை மேடை இல்லை,” என்றார் நண்பர், வாசலில்.

“வேண்டாம். ஒரு வரியும் வெட்ட மாட்டன்.”

இப்போது ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் போன மாதம், அன்று பின்வரிசையில் எழுந்த அந்தப் பெண் பியோர்ண்டாலில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்தபோது, தளபதியின் கதையை முழுவதுமாக வாசித்தேன்.